முதலில் பிரௌபேண்டைப் பாருங்கள், கடிவாளம் அப்புறம் வாங்கலாம்

இணையத்தில் சுற்றுகிற ஒரு குதிரைச் சவாரி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குதிரை தலையை உதறிக்கொண்டே ஓடியது, பையன் சுற்றை முடிக்காமல் இறங்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அனாட்டமிக் பிரைடில் வாங்க வக்கில்லாதவனுக்குக் குதிரை எதற்கு?" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். அனாட்டமிக் பிரைடில் என்றால் குதிரையின் தலை வடிவத்துக்கு ஏற்ப வளைத்துத் தைத்த கடிவாளம்.

எழுதியவர் வீடியோவை ஒருமுறை நிறுத்திப் பார்த்திருக்கலாம். அது மார்வாரி இனக் குதிரை. நெற்றி அகலம், காது இரண்டும் உள்நோக்கி வளைந்தவை. பிரௌபேண்ட், அதாவது நெற்றிப்பட்டை, நெற்றியில் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. அதனால் காதுக்குப் பின்னால் உச்சந்தலையில் போகும் ஹெட்பீஸ் வார் முன்பக்கம் இழுபட்டு, காதின் வேரில் போய் இடிக்கிறது. காதுக்குக் கீழே தோல் மடிந்து நிற்பதுகூடத் தெரிகிறது. அந்தக் குதிரைக்கு உடனே வேண்டியது அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நீளமான பிரௌபேண்ட். கடிவாளத்திலேயே மலிவான பாகம் அதுதான்.

அளவு தப்பான அனாட்டமிக் கடிவாளத்தைவிட அளவு சரியான சாதாரணக் கடிவாளம் மேல். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அனாட்டமிக் ஹெட்பீஸ் அகலமானது, உள்ளே பஞ்சு வைத்தது, காதுக்குப் பின்னால் வளைத்து வெட்டியது. பிரௌபேண்ட் குட்டையாக இருந்தால் அந்த அகலமும் பஞ்சும் சேர்ந்து காதின் வேரை இன்னும் அதிகம் நெருக்கும். சின்னத் தலையில் அந்த வளைவு முடியும் இடமே தவறிப்போய், விளிம்பு நேராகக் குருத்தெலும்பில் உட்காரும். மலிவான நகல்களில் உள்ளே வைப்பது சாதா ஃபோம். நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரம் அமுங்கி, தையல் வரிதான் மிஞ்சும்.

மூக்குப்பட்டை விஷயம் இதைவிட மோசம். இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் ஏமாற்று. கன்னத்துப் பக்கம் குழிவான இடம் இருக்கிறது. பட்டை எவ்வளவு இறுகியிருந்தாலும் அங்கே விரல் நுழையும். மூக்கெலும்பின் மேல் நடுவில்தான் பார்க்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2025-இல் இதற்கென்றே ஓர் அளவுகோலைப் போட்டிகளுக்குக் கொண்டுவந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 750 போட்டிக் குதிரைகளைச் சோதித்தார்கள். இரண்டு விரல் இடம் இருந்தது 7 சதவீதத்துக்குத்தான். 44 சதவீதக் குதிரைகளில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அவற்றின் தலையில் இருந்தது எந்த பிராண்டாக இருந்தால்தான் என்ன?

இறுக்கினால் ஏன் வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் முழுதாகத் தேயாமல் கூர்மையாக வளரும். மூக்குப்பட்டை கன்னத்தை அந்தக் கூர்முனைகளின் மேல் அழுத்தும்போது உள்ளே புண் வரும். கிராங்க் வகைப் பட்டை கப்பிபோல மடங்கி வருவதால் அதே இழுப்பில் கூடுதலாக இறுகிவிடும், இறுக்குகிறவர் கைக்கும் தெரியாது. இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை 24 பால்பற்கள் விழுகிற குதிரையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பல்லை வருஷத்துக்கு ஒருமுறையாவது மருத்துவர் பார்த்து ராவ வேண்டும், இளங்குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நம் ஊரில் அதற்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் கவலையை யாரும் பதிவாகப் போடுவதில்லை. ஸ்வீடனிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கிற வீடியோதான் வருகிறது.

"அனாட்டமிக் நல்லது என்று ஆய்வே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, 2015-இல் வந்தது. ஹெட்பீஸின் கீழும் மூக்குப்பட்டையின் கீழும் அழுத்தம் உச்சமாகும் இடங்களைத் தவிர்த்து வடிவமைத்த கடிவாளத்தில் அழுத்தம் சீராகப் பரவியது, கால் மூட்டுகள் கூடுதலாக மடங்கின என்று அளந்தே காட்டினார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட்டது அந்தந்தக் குதிரை வழக்கமாகப் போடும் கடிவாளத்தோடு. ஆசிரியர்களில் ஒருவர் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த முடிவை, உள்ளூர்க் கடையில் "அனாட்டமிக்" என்று எழுதி விற்கிற எல்லாவற்றுக்கும் ஒட்டவைப்பது நியாயமில்லை.

"அப்போ வாங்கவே கூடாதா?" வாங்கலாம். பல் பார்த்தாயிற்று, பிரௌபேண்ட் தளர்வு, மூக்குப்பட்டை கன்ன எலும்பு முகட்டுக்கு இரண்டு விரல் கீழே, பிட் (வாய்க்குள் போடும் கம்பி) வாயின் இருபுறமும் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நிற்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் காதுக்குப் பின்னால் கை வைத்தால் தலையைத் தூக்குகிறது என்றால், அப்போது அகல ஹெட்பீஸுக்கு அர்த்தம் உண்டு. காக் (gag) வகை போல நெம்பி இழுக்கிற பிட் உச்சந்தலையில் பாரம் ஏற்றும், அங்கேயும் அகலம் உதவும். சாதாரணக் கடிவாளத்தில் மூக்குப்பட்டையின் மெல்லிய வார் ஹெட்பீஸின் அடியில் தனியாக ஓடி உச்சியில் வரிபோல அழுத்தும். இது உண்மையான குறை. அதற்கும் முழு செட் வேண்டாம். இரண்டு வாரையும் ஒன்றாக்கிய மோனோகிரவுன் ஹெட்பீஸைத் தனியாகவே வாங்கலாம். உலகத்துக்கே சேணம் தைத்து அனுப்பும் கான்பூர் நம் நாட்டில்தான் இருக்கிறது. அளவு எழுதிக் கொடுத்தால் தைத்துத் தருவார்கள்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூக்குப்பட்டையை முழுதாகக் கழற்றிவிட்டு, பழக்கமான மைதானத்தில் சில நாள் நடையிலும் டிராட்டிலும் (மெல்லோட்டம்) ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தால் காரணம் அங்கேதான். குறையாவிட்டால் பிரௌபேண்டை எடுத்துவிட்டு, த்ரோட்லாஷை (தொண்டைக்குக் கீழே போகும் வார்) மாட்டி, கையில் பிடித்து நடத்திப் பாருங்கள். சவாரி முடிந்ததும் கடிவாளத்தைக் கழற்றி, துடைப்பதற்கு முன் காதின் வேரைப் பாருங்கள். முடி கலைந்து எதிர்ப்பக்கம் நின்றால் அங்கே உரசுகிறது. எதிலும் மாற்றம் இல்லையென்றால் கடிவாளத்தை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பு, கண், காதுப் பூச்சி என்று உதறலுக்குக் காரணங்கள் நிறைய.

"காசில்லாததால் பேசுகிறாய்" என்றும் எழுதுவார்கள். எழுதட்டும். சென்னையில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரைகளை வாங்கி, சொந்தச் சம்பளத்தில் தீனி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தினம் மாலை வாரைத் துடைத்து, கிளிசரின் சோப்பு போட்டு, பூஞ்சை பிடிக்காமல் நிழலில் உலர்த்துகிற குதிரைப் பராமரிப்பாளர்களையும் தெரியும். விலையுயர்ந்த கடிவாளம் வியர்வை காய்ந்து மொறமொறப்பாகத் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன். அந்த மொறமொறப்பான தோல்தான் மறுநாள் குதிரையின் காதுக்குப் பின்னால் ஏறுகிறது. சொந்தச் சம்பளத்தில் தீனி போடுகிறவர்களையும் தினம் வாரைத் துடைக்கிறவர்களையும் பார்த்துக் குதிரைமேல் அக்கறை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை? அந்தப் பையன் பாதியில் இறங்கினான். அன்று அந்த மைதானத்தில் குதிரை சொன்னதைக் கேட்டவன் அவன்தான். அவனைத்தான் கிழித்துத் தொங்கப்போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, டேப்பை எடுத்து ஒரு காதின் பின்னாலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்வரை அள. அதோடு ஒரு விரல் நுழையும் தளர்வு சேர்த்துக்கொள். அந்த நீளத்தைச் சொல்லி பிரௌபேண்ட் மட்டும் வாங்கு.