ரூக்கி விருதை எதை வைத்துக் கொடுப்பது?

டிராக் ரேசிங் (இரண்டிரண்டு வண்டிகளாக நேர்கோட்டுத் தடத்தில் மோதும் பந்தயம்) பார்க்கிறவர்களிடம் 2024-இன் சிறந்த புதுமுக ஓட்டுநர் விருதை, அதாவது ரூக்கி விருதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இன்னமும் சண்டைதான். டோனி ஸ்டீவர்ட்டுக்கு எப்படி அதைக் கொடுத்தார்கள்? வயது 53. அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயக் கோப்பையை 2002, 2005, 2011 என மூன்று முறை வென்றவர், 1997-இல் இண்டி ரேசிங் லீக் பட்டமும் எடுத்தவர். 1996-இல் இண்டியானாபோலிஸ் 500-இலும் 1999-இல் நாஸ்காரிலும் ரூக்கி விருது வாங்கியாகிவிட்டது. இவர் எந்தக் கணக்கில் புதுமுகம் என்று கேட்கிறார்கள்.

என்னைக் கேட்டால் அவர் புதுமுகம்தான், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. மணிக்கணக்கில் வட்டம் சுற்றிப் பழகிய கைக்கு, டிராக் ரேசிங்கின் அதிவேக வகுப்பான டாப் ஃபியூயல் கார் முற்றிலும் வேறு உலகம். நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் 11,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின், 1,000 அடித் தூரம், நான்கு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 330 மைலுக்குப் பக்கத்தில் வேகம். ஓவல் பந்தயத்தில் ஒரு திருப்பத்தில் கோட்டைவிட்டதை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம், இங்கே பச்சை விளக்குக்குச் சற்றுத் தாமதமாக மிதித்தால் அன்றைக்குக் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான். 2023-இல் டாப் ஆல்கஹால் வகுப்பில் ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தாரே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது தொழில்முறை வகுப்பு இல்லை. முறையாகக் கீழிருந்து பழகி வந்தவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. மனைவி லியா ப்ரூயட் குழந்தைக்காக விலகியதால் அவருக்குக் கிடைத்த இருக்கை அது, 2023-இல் பட்டப் போட்டியில் இருந்த அணி. அப்படிப்பட்ட அணியில் உட்கார்ந்தும் முதல் ஆண்டில் ஒரு வெற்றிகூட இல்லை, புள்ளிப் பட்டியலில் ஒன்பதாம் இடம். 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில்தான் முதல் வெற்றி, அதே ஆண்டு வழக்கமான சீசனின் முதலிடத்தையும் பிடித்தார். கற்றுக்கொள்ள ஒரு முழு வருடம் தேவைப்பட்டிருக்கிறது. இதைவிடப் புதுமுகம் என்பதற்கு என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே என் கோபம் அவர் மேல் இல்லை. விருதின் அளவுகோல்மேல்தான். டிராக் ரேசிங்கை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கைப் பாருங்கள்: எத்தனை போட்டிகளில் ஓட்டினார், தடத்திலும் வெளியிலும் எப்படி நடந்துகொண்டார், விளம்பர நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டாரா, ரசிகர்கள், ஸ்பான்சர்கள், ஊடகத்துடன் உறவு எப்படி. வாக்களிப்பதும் ஊடகக்காரர்கள்தான். இந்த வரிசையில் முதல் இரண்டும் சரி. மற்றவை எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கும், விளம்பரத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய அணிக்கும் சும்மா கிடைக்கும் மதிப்பெண். சொந்தப் பணத்தில் ஒரே ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு ஊர் ஊராக டிரெய்லர் இழுக்கும் ஆளிடம் போய் ஸ்பான்சர் உறவு எப்படி என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பெரிய அணிகளில் ஒன்றான ஜான் ஃபோர்ஸ் அணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து இந்த விருதை வாங்கியவர்கள்: 2005 ராபர்ட் ஹைட், 2007 ஆஷ்லி ஃபோர்ஸ், 2008 மைக் நெஃப், 2012 கோர்ட்னி ஃபோர்ஸ், 2013 பிரிட்டனி ஃபோர்ஸ், 2019 ஆஸ்டின் ப்ராக். எல்லாரும் திறமைசாலிகள், மறுக்கவே மாட்டேன். பிரிட்டனி பிற்பாடு இரண்டு முறை சாம்பியனே ஆனார். ஆனால் 2013-இல் அவர் ஒரு போட்டியும் வெல்லவில்லை, ஆஷ்லியும் 2007-இல் வெல்லவில்லை. பெரிய அணியின் இருக்கை எவ்வளவு கனமானது என்பதை வாக்குப் போடுகிறவர்கள் கழித்துப் பார்க்க வேண்டும், அதுதான் நான் கேட்பது.

கழித்த பிறகு என்ன மிஞ்சும்? ஓட்டுநரின் கண்ணும் காலும். கிளட்ச் எப்போது எவ்வளவு பிடிக்க வேண்டும், எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் என்பதை எல்லாம் டாப் ஃபியூயலிலும், அதே நைட்ரோ எரிபொருளில் ஓடும் ஃபன்னி கார் வகுப்பிலும் குரூ சீஃப் (அணியின் தலைமை மெக்கானிக்) முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். ஓட்டுநர் கையில் இருப்பது கிளம்பச் சொல்லும் விளக்குக்கு எதிர்வினை, காரைத் தடத்தின் நடுவில் வைத்திருப்பது, அப்புறம் டயர் புகைந்தால் காலை எடுத்து மறுபடி மிதித்து எப்படியோ கோட்டைத் தாண்டுவது. இந்தக் கடைசி வேலைக்குக் கம்ப்யூட்டர் உதவி கிடையாது, அதைச் செய்யத் தெரிந்த புதுமுகம் யார் என்று பார்க்க வேண்டும். மெதுவான கார் வேகமான காரை வெறும் ரியாக்‌ஷன் டைமால் ஜெயிப்பதைத்தான் ஹோல்ஷாட் என்கிறோம். ஒரு ரூக்கி ஒரு சீசனில் எத்தனை ஹோல்ஷாட் வெற்றி பெற்றார், எத்தனை முறை முந்திக் கிளம்பிச் சிவப்பு விளக்கு வாங்கினார், எத்தனை நாக்அவுட் சுற்று ஜெயித்தார், இவற்றை அச்சடித்து வாக்குச்சீட்டோடு சேர்த்துக் கொடுக்கட்டும். டாப் ஃபியூயல், ஃபன்னி கார், புரோ ஸ்டாக், பைக் என்ற நான்கு தொழில்முறை வகுப்புகளையும் ஒரே தராசில் வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நொடியும் வேகமும் வகுப்புக்கு வகுப்பு மாறும், விளக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வாக்காளர்கள் இதைச் செய்யத் தெரியாதவர்கள் இல்லை. 2021-இல் ஜோஷ் ஹார்ட் டாப் ஃபியூயலில் தன் முதல் போட்டியிலேயே, அதுவும் பெரிய போட்டியான கெயின்ஸ்வில்லில், வென்று எல்லார் வாயையும் பிளக்க வைத்தார். இருந்தும் விருது புரோ ஸ்டாக்கின் டல்லாஸ் க்ளென்னுக்குப் போனது. அணியில் மெக்கானிக்காக இருந்து ஓட்டுநரானவர், விளக்கில் அசாத்திய வேகம். ஹார்ட்டின் வெற்றி பெரிய செய்திதான், ஆனால் சீசன் முழுக்க யாருடைய கால் சரியாக இருந்தது என்று பார்த்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். க்ளென் 2025-இல் சாம்பியனும் ஆகிவிட்டார். 2010-இல் பைக் வகுப்பில் எல்.இ. டோங்லெட் ரூக்கி ஆண்டிலேயே பட்டத்தையே எடுத்துக்கொண்டு போனதால் அந்த வருடம் யாருக்கும் யோசிக்கும் வேலையே இருந்திருக்காது.

தகுதி விதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீவர்ட் புதுமுகமாக நின்ற அதே 2024-இல் ஆஸ்டின் ப்ராக் முதன்முறையாக ஃபன்னி காரில் முழு சீசன் ஓட்டி எட்டுப் போட்டிகளையும் பட்டத்தையும் வென்றார். 2019-இல் டாப் ஃபியூயலில் விருது வாங்கிவிட்டதால் அவர் பெயர் பட்டியலில் வர முடியாது. இது சரியான விதி, இதைத் தொட வேண்டாம். அப்படிப் பார்த்தால் 2024-இல் என் வாக்கும் ஸ்டீவர்ட்டுக்குத்தான் போயிருக்கும். முழு சீசனும் ஓட்டினார், தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்யவில்லை. அவருடைய ரியாக்‌ஷன் டைம்களைப் பட்டியலிட்டு அதற்காகக் கொடுத்தோம் என்று சொல்லியிருந்தால் இன்று இத்தனை பேர் வயதைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டார்கள்.