முருங்கன் மண்ணும் மண்டைதீவு மைதானமும்

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் மருமகன் கேட்டான்: "மாமா, மண்டைதீவு கிறவுண்ட் முடிஞ்சா கோலி இங்க வந்து விளையாடுவாரோ?" நான் வாய் சும்மா இராமல், "அது முடியிற நேரம் கோலிக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், பெடியன் மட்டும் சிரிக்கவில்லை. பதினான்கு வயது. பள்ளிக்கூட அணியில் சுழல்பந்து போடுகிறான். அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் இதை ஒருக்கால் ஒழுங்காக எழுதுவோம் என்று நினைத்தேன்.

2025 செப்டம்பரில் ஜனாதிபதி வந்து, யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டார். அன்றிலிருந்து முகநூலில் இரண்டு கட்சி. ஒரு பெரிய போட்டி வந்தால் போதும், ஹோட்டல் நிறையும், பலாலியில் விமானம் கூடும், யாழ்ப்பாணம் எங்கேயோ போய்விடும் என்கிறது ஒன்று. கண்டல் அழியும், இறாலும் நண்டும் போகும், வேண்டவே வேண்டாம் என்கிறது மற்றது. நான் கிரிக்கெட் பைத்தியம். கண்டலைப் பற்றிச் சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும் மனம் மட்ச் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் போட்டி முடிந்து, கமராக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கேற்றுக்குள் யார் நிற்பார்கள்? இரண்டு கட்சியிலும் இதைக் கேட்டவரை நான் காணவில்லை.

உதாரணத்துக்கு வெளிநாடு போகத் தேவையில்லை, தெற்கே அம்பாந்தோட்டை இருக்கிறது. 2011 உலகக்கிண்ணத்துக்காக அங்கே சூரியவெவயில் 35,000 பேர் இருக்கக்கூடிய மைதானம் கட்டினார்கள். அந்தச் சூட்டோடு 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியையும் கேட்டார்கள். வாக்கெடுப்பில் கோல்ட் கோஸ்ட்டுக்கு 43, எங்களுக்கு 27. துறைமுகம் வந்தது, 2013இல் மத்தளையில் விமான நிலையமும் வந்தது. அந்தக் கதிரைகளை நிரப்பச் சனம்தான் வரவில்லை. 2020இல், கொரோனாக் காலத்தில், எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) முழுவதையும் அந்த மைதானத்தில்தான் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தின் பெயரில் விளையாடிய அணி தன் முதல் கிண்ணத்தை எடுத்ததும் அங்கேதான். நாங்கள் இங்கே வெடி கொளுத்தினோம். பெயர் எங்களுடையது, மைதானம் 35,000 வெறும் கதிரை.

பணக்கார நாடுகளும் இதில் அகப்பட்டிருக்கின்றன. மொன்றியலில் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்தின் கடன் முழுதாக அடைபட்டது 2006இல். முப்பது வருடம்! அந்தக் கடனை அடைக்கக் கியூபெக்கில் சிகரெட்டுக்கு விசேட வரி போட்டிருந்தார்கள். எண்பதுகளில் அங்கே போய் இறங்கிய எங்கள் சித்தப்பா, பனிக்குள் நின்று ஊதிய ஒவ்வொரு சிகரெட்டிலும் தான் பார்க்காத ஒலிம்பிக்குக்குக் காசு கட்டியிருக்கிறார். இதைச் சொன்னபோது சித்திதான் அதிகம் சிரித்தா.

லொஸ் ஏஞ்சல்ஸ் வேறு கதை. 1984 ஒலிம்பிக்குக்கு அவர்கள் பெரும்பாலும் இருக்கிற மைதானங்களையே பாவித்தார்கள். பிரதான அரங்கு 1932 ஒலிம்பிக்கும் கண்டது. முடிவில் 23 கோடி டொலருக்கு மேல் மிஞ்சியது. அதில் ஒரு பங்கு அங்கேயே நின்று, பிள்ளைகளின் விளையாட்டுக்கான அறக்கட்டளையாகி இன்றுவரை வேலை செய்கிறது. மிஞ்சுகிற காசு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

காசில் கணக்குப் பார்க்க முடியாத லாபமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1996 உலகக்கிண்ணத்தை நடத்திய நாடுகளில் இலங்கையும் ஒன்று. மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியாவும் கொழும்புக்கு வர மறுத்தன. நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து தென்மராட்சியில், ஒரு வீட்டுக்குள் ஐந்து குடும்பம். கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கு. இறுதிப்போட்டி இரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, முறை வைத்துப் பெடலைச் சுற்றி ரேடியோ கேட்டோம். கை சோர்ந்தால் குரலும் சோரும். அரவிந்த டி சில்வா நூறு அடித்ததும் பெடல் சுற்றியவன் கையை விட்டுவிட்டுத் துள்ள, ரேடியோ செத்துப்போய்விட்டது. விழுந்த அடி இப்போதும் அவனுக்கு நினைவிருக்கும். அடுத்த நாள் விடிய அந்த வளவில் இருந்த ஒரு தென்னைமட்டையும் மிஞ்சவில்லை, எல்லாம் துடுப்பாகிவிட்டது.

சரி, ஆசை அப்படி வந்துவிடுகிறது. வந்த ஆசை எங்கே போய் முட்டுகிறது? மற்றிங்கில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடினப்பந்துப் பயிற்சி என்றால் காலை ஆறு மணிக்கு நாலு பேர் மற்றிங்கை, அதாவது விக்கெட்டில் விரிக்கிற தும்புப் பாயை, தோளில் தூக்கி வந்து, விரித்து, இரண்டு பக்கமும் இழுத்து, சுற்றிவர ஆணி அடிக்க வேண்டும். ஒரு மூலை சுருங்கினாலும் பந்து முகத்துக்கு வரும். அதில் பந்து ஒரே அளவில் எழும்பும். அதற்கே பழகிய பெடியன் கொழும்புக்குப் போய்ப் புல் விக்கெட்டில் நின்றால், முழங்காலுக்கு வரும் என்று பார்த்த பந்து கணுக்காலில் படும். இரண்டு ஓவருக்குள் பவிலியன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் இருந்து சுழல்பந்து வீச்சாளர் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல் வரை போனார். ஒருவர் போனதே எங்களுக்கு இவ்வளவு பெரிய செய்தி என்றால் பாதை எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. இலங்கையின் பெரிய மைதானங்களில் விக்கெட் போடுவதற்குப் பேர்போன களிமண் முருங்கன் களிமண். மன்னார் முருங்கன்தான்! எங்கள் வடக்கு மண் லொறியேறித் தெற்கே போய் டெஸ்ட் விக்கெட்டாகிக் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகள் இங்கே தும்புப் பாயில் ஆணி அடிக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மண்டைதீவில் முதல் கதிரை பூட்டுவதற்கு முன் வடமராட்சியில் இரண்டு, தென்மராட்சியில் ஒன்று, வலிகாமத்தில் இரண்டு, தீவுப்பகுதியில் ஒன்று என்று புல் விக்கெட் போட்டுத் தரட்டும். அவற்றைப் பராமரிக்க இங்கத்தைய ஆட்களைப் பழக்கட்டும். பெரிய மைதானத்தில் வருடத்தில் எத்தனை நாள் பாடசாலைப் போட்டி, அதில் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு என்பதை இப்போதே எழுத்தில் தரட்டும்.

தண்ணீர்க் கதையும் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்குத்தான். குடிக்கவே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிறோம். அப்புறம் அந்தப் புல்லுக்கு எங்கேயிருந்து? நகரத்தில் இருந்து மண்டைதீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தையும் யோசியுங்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவுச் சனம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிற வழி அது. போட்டி நாளில் அம்புலன்ஸ் எதால் வரும்? நகரத்தில் இருக்கிற துரையப்பா அரங்குக்கு பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம், மண்டைதீவு அப்படியில்லை.

மருமகன் நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தான். கோலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மற்றிங் ஆணி ஏழெட்டுத் துலைந்துவிட்டதாம், ஆறு அங்குலத்தில் வாங்கித் தரட்டாம். ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.