கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு

போன வருடம் மார்ச் 31, சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கம்பெனி கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது வயது 52. கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்யும் தொழிற்சாலையில், பர்ச்சேஸ் பிரிவில் இருபத்தியாறு வருடம். ஃபவுண்டரிக்காரர்களிடம் விலை பேசியே தொண்டை போய்விட்டது. யாரும் துரத்தவில்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, இனி போதும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க எக்செல்லில் கணக்குப் போட்டேன். மளிகை, கரண்ட் பில், பெட்ரோல், சொத்து வரி, மொய், வருடத்துக்கு ஒரு தடவை பழனி எல்லாம் அதில் உண்டு. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருந்தால் வேலையை விடலாம் என்று இப்போது யூடியூபில் பையன்கள் சொல்கிறார்கள் அல்லவா, அந்தக் கணக்குத்தான். அந்த ஷீட்டில் 'மருத்துவக் காப்பீடு' என்று ஒரு வரி. எதிரே 15,000 ரூபாய்.

அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் கம்பெனி ஊழியர்களுக்கெல்லாம் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசியில் இருந்தேன். பிரீமியம் என்று ஒன்றை என் கையால் கட்டியதே இல்லை. மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு போல்ட் நட்டுக்குக்கூட ஆர்டர் போடாதவன், இதற்கு மட்டும் விலையே கேட்கவில்லை.

பாலிசி ஆண்டு முடிகிற வரைக்கும் அந்தக் காப்பீட்டு கார்டு செல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லாது. கடைசி வேலை நாளோடு சரி. ஏப்ரல் முதல் தேதி காலையில் நானும் என் மனைவியும் எந்தக் காப்பீடும் இல்லாத இரண்டு பேர். புதுப் பாலிசி கைக்கு வந்தது ஜூன் 14. நடுவில் எழுபத்தைந்து நாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். நெஞ்சில் இடது பக்கம் சுருக்கென்று பிடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். வியர்வை. எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு, அப்பாவுக்கு இதய நோய் இருந்தது. கம்பெனியில் இருந்த காலமாக இருந்தால் கார் சாவியை எடுத்திருப்பேன். அன்று என்ன செய்தேன் தெரியுமா? ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குள் நுழைந்தால் அட்வான்ஸாக எவ்வளவு கேட்பார்கள் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குத் தெருமுனை கிளினிக்கில் இசிஜி எடுத்தேன், 300 ரூபாய். வாயு என்றார் டாக்டர். வாயுதான். ஆனால் அது வாயு என்று ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத் தெரியாதே. வாழ்க்கையில் அவ்வளவு முட்டாள்தனமாக நான் நடந்துகொண்டதில்லை. வேலையை விட்டதற்காக நான் வருத்தப்பட்ட ஒரே ராத்திரியும் அதுதான்.

சரி, பாலிசி கதைக்கு வருகிறேன். மூன்று ஏஜென்ட்டுகளைப் பார்த்தேன். அதில் ஒருவர் புரபோசல் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "சார், சுகர் எல்லாம் எழுதாதீங்க. பிரீமியம் ஏறும், டெஸ்ட் கேப்பாங்க. அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் யாரும் எதுவும் கேக்க முடியாது." அவர் சொன்னதில் பாதி உண்மை. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், நீ அன்றைக்கு இதைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் கிளெய்மைத் தள்ள முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே மறைத்துக் கையெழுத்துப் போடுவதற்கு வேறு என்ன பெயர்?

சபலப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். பேனா கையில் இருந்தது. காபி கொண்டுவந்த என் மனைவிதான் கேட்டாள்: "ஏனுங்க, ஆஸ்பத்திரில படுக்க வச்சதும் நர்ஸ் கேக்கற மொதல் கேள்வியே எத்தன வருசமா சுகர்ங்கறதுதானுங்களே? அப்ப என்ன சொல்லுவீங்க?" ஏஜென்ட்டிடம் பதில் இல்லை. கேஸ் ஷீட்டில் 'எட்டு வருடமாக நீரிழிவு' என்று ஒரு வரி விழுந்தால் போதும், கிளெய்ம் துறைக்கு வேறு சாட்சி வேண்டாம். எழுதிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.4 வந்தது, லோடிங் என்று பிரீமியத்தைக் கூட்டிப் போட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பத்து லட்சம் ரூபாய் ஃப்ளோட்டர், அதாவது ஒரே தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி. பிரீமியம் 34,200. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 6,156. ஆக 40,356 ரூபாய். எக்செல்லில் 15,000 என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா?

இதில் ஒரு கூத்து. நான் கட்டி மூன்று மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். நல்ல விஷயம். மனசார வாழ்த்துகிறேன். இந்த ஜூனில் புதுப்பிக்கும்போது வரி இல்லை, ஆனால் பிரீமியமே 37,900 ஆகியிருந்தது. வரியில் குறைந்ததில் பாதிக்கு மேல் அங்கே போய்விட்டது.

பணத்தைவிட எனக்கு வலித்தது காத்திருப்புக் காலம். விபத்தைத் தவிர மற்ற எதற்கும் முதல் 30 நாள் கிளெய்ம் இல்லை. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் மாதிரி ஒரு பட்டியலுக்கு இரண்டு வருடம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம். சட்டப்படி அதிகபட்சமே 36 மாதம்தான், என் பாலிசியில் அந்த 36-ஐயும் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். ஆக 2028 ஜூன் வரைக்கும் என் சர்க்கரையால் எது வந்தாலும் என் பாக்கெட். பதினொரு வருடம் ஒரு பாலிசிக்குள் இருந்த எனக்கு, நேற்றுப் புதிதாகக் காப்பீட்டுக்குள் வந்த ஆளின் நிலைமை.

இது தவிர்க்க முடியாததா என்றால், இல்லை. குரூப் பாலிசியை விட்டு வெளியே வருகிறவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிமுறையிலேயே வழி இருக்கிறது. பிரீமியம் எவ்வளவு என்பதை நிறுவனம் தன் கணக்குப்படி முடிவு செய்யும், உடல்நிலையைப் பரிசீலிக்கும். ஆனால் குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். எனக்கு இது தெரிந்தது ஜூலையில். புதுப் பாலிசி எடுத்து மூன்று வாரம் கழித்து!

வேலையை விடும்போது எச்ஆரில் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? பிஎஃப் படிவம், கிராஜுவிட்டி படிவம், நோ டியூஸ். நோ டியூஸில் ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கேன்டீன் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. காப்பீட்டை இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எச்ஆரில் இருந்த அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு ஹெல்பர், என்னோடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விஆர்எஸ் வாங்கியவர். அவர் இஎஸ்ஐயில், அதாவது குறைந்த சம்பளத் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்தவர். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் இஎஸ்ஐயில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றாலோ, விருப்ப ஓய்வில் போனாலோ, மாதம் பத்து ரூபாய் கணக்கில் வருடத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். அவர் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். மேனேஜர் சம்பளம் என்பதால் இஎஸ்ஐக்கு வெளியே இருந்த நான் 37,900 கட்டிவிட்டு, என் சர்க்கரை மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்குகிறேன். அவரைப் பார்த்துப் பொறாமை இல்லை. அவருக்குக் கிடைப்பதுதான் சரியான முறை என்று சொல்ல வருகிறேன்.

என் வாதமே இதுதான். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வேலையை விட்ட, இஎஸ்ஐயில் இல்லாத தனியார் கம்பெனி ஆளுக்கு எந்த அரசுத் திட்டத்தின் வாசலும் திறந்திருக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பிஎஃப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டியே அதைத் தாண்டிவிடும். வருமான வரம்பு இல்லாமல் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆரம்பித்த திட்டம் 70 வயது ஆனவர்களுக்கு. எனக்கு இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது. மச்சான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியத்திலேயே காப்பீட்டுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள், கவலை இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் எங்களிடம் வந்து பேசுங்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. அந்த வேலியும் 60 வயதுக்கு மேல்தான்.

ஐம்பதில் வேலையை விட்டுவிட்டு ஜாலியாக இருக்கிறவனுக்கு எதற்குச் சலுகை என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் எல்லோரும் என்னைப்போல் விருப்பப்பட்டு வருகிறார்களா? இந்த ஊரில் எத்தனை மில்கள் மூடின என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வயதில் வெளியே அனுப்பப்பட்டவனுக்கும் இதே பிரீமியம்தான், இதே மூன்று வருடம்தான்.

இலவசமாக எதையும் கேட்கவில்லை. வருமானம் அதிகம் என்றால், உரிய பிரீமியத்தை வாங்கிக்கொண்டு மாநிலத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளட்டும். அந்தப் பத்து சதவீத வேலியை ஐம்பது வயதில் இருந்து போடட்டும். இது இரண்டும் நடக்க நாளாகலாம். ஆனால் நோ டியூஸ் படிவத்தில், ஹெல்மெட்டுக்குக் கீழே, 'காப்பீடு மாற்றும் படிவம் தரப்பட்டது' என்று ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நாள் ஆகும்?

நண்பர் ஒருவர் விடாமல் சொல்கிறார், அந்த நாற்பதாயிரத்தை வருடா வருடம் வங்கியில் போடு, கிளெய்ம் வராவிட்டால் பணம் உன்னுடையது என்று. போட்டுப் பார்த்தேன். 7 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் ஏறக்குறைய ஆறு லட்சம் சேரும். எதிர்வீட்டுக்காரர் போன தை மாதம் ஒன்பது நாள் ஐசியுவில் இருந்தார், பில் 6,80,000. பத்து வருடச் சேமிப்பு ஒன்பது நாளில் போய்விடும். அதுவும் நோய் பத்து வருடம் பொறுமையாகக் காத்திருந்தால்தான். முதல் வருடமே வந்தால் கையில் நாற்பதாயிரம் இருக்கும்.

அரசு மருத்துவமனை இருக்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். இருக்கிறது. அப்பாவைக் கடைசி நாட்களில் கோயம்புத்தூர் ஜிஎச்சில்தான் வைத்திருந்தோம், நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 2028 ஜூன் வரைக்கும் சர்க்கரையால் பெரிதாக எதுவும் வந்தால் நானும் அங்கேதான் போவேன். மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எக்செல்லைத் திருத்திவிட்டேன். மளிகைக்கு ஆறு சதவீத விலைவாசி உயர்வு போட்டிருந்தவன், பிரீமியத்துக்குப் பன்னிரண்டு போட்டேன். வயது ஏறும், மருத்துவச் செலவும் ஏறும், இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பன்னிரண்டு. ஆறு வருடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு. என் 65-வது வயதில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வருகிறது. பழனியைத் தவிர மற்ற பயணங்களை எடுத்துவிட்டேன்.

போன வாரம் பழைய டிபார்ட்மென்ட்டில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான். நாற்பத்தி மூன்று வயது. "அண்ணா, இன்னும் நாலஞ்சு வருசத்துல நானும் பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன். கையில எவ்வளவு இருக்கணுங்ணா?" என்றான். தொகையை விடு, உனக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம். கம்பெனி கார்டு தவிர சொந்தமாகப் பாலிசியும் இல்லையாம். நேற்று வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பினான். வெறும் வயிற்றில் 118. எல்லையில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. இந்த ரிப்போர்ட்டை அப்படியே படிவத்தோடு வைத்து இந்த மாதமே சொந்தப் பாலிசி ஒன்று எடு, கம்பெனி கார்டு அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். "ரெண்டு எதுக்குங்ணா, வீண் செலவு" என்கிறான். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏஜென்ட் வேண்டாம், என் மனைவியே பேசிக்கொள்வாள்.