உளமார என்று சொல்ல ஆறு வருடம்

பதவியேற்பு விழா டிவியில் ஓடினால் எங்கள் அப்பா பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் ‘உளமார உறுதிகூறுகிறேன்’ என்பவர்கள், அந்தப் பக்கம் ‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்பவர்கள். ஒவ்வொருத்தராக மைக் முன்னால் வர வர ஒரு குச்சி போடுவார், ஐந்தாவது குச்சி குறுக்கே. யாராவது அந்த இடத்தில் சரியாக மென்று முழுங்கிவிட்டால் கோபம் வந்துவிடும். “என்னடா சொன்னான் இவன்?” என்று என்னைத்தான் கேட்பார்.

இந்தச் சங்கதிக்காக லண்டனில் ஒரு எம்.பி.யைப் போலீஸ் வைத்துத் தூக்கி வெளியே போட்ட கதை அப்பாவுக்குத் தெரியாது. சொன்னேன். நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் பிராட்லா. 1833இல் லண்டன் ஹாக்ஸ்டனில் பிறந்தவர். அப்பா ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. பையனுக்குப் பள்ளிக்கூடம் பதினோரு வயதோடு சரி. ஆனால் தேவாலயத்தில் நல்ல பிள்ளை, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற அளவுக்கு. பிஷப் வரப்போகிறார், தயாராக இரு என்று பாதிரியார் சொன்னதும் பையன் சிரத்தையாக நற்செய்தி நூல்களையும் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறான். இடிக்கிறது. சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள் என்று பாதிரியாருக்கே கடிதம் எழுதினான். அவரோ பையன் நாத்திகன் ஆகிவிட்டான் என்று அப்பாவிடம் போட்டுக்கொடுத்தார். அப்போது அவன் நாத்திகனே இல்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டை விட்டு வெளியேறியபோது வயது பதினாறுதான். அப்புறம் பட்டாளம் (இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தார், அயர்லாந்தில் போட்டார்கள்), மறுபடி வக்கீல் ஆபீஸ், மேடைப் பேச்சு, பத்திரிகை, 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கம். 1877இல் கருத்தடை பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து வெளியிட்டு ஆறு மாதத் தண்டனை, மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றைப் பிடித்துத் தப்பித்தார். ஆமாம், நம்ம அடையாறு பெசன்ட் அம்மாதான். பிரம்மஞானத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் பிராட்லாவின் வலது கை.

நார்த்தாம்ப்டன் செருப்பு தைக்கிறவர்களின் ஊர். நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று தடவை தோற்று, 1880இல் அங்கே ஜெயித்தார். சபைக்குப் போய், கடவுள் பேரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி சொல்கிறேன், அனுமதியுங்கள் என்று கேட்டார். கமிட்டி போட்டார்கள், முடியாது என்றது. சரி, அந்தச் சத்தியத்தையே சொல்லிவிட்டு உட்கார்கிறேன் என்றார். அதற்கும் முடியாதாம்! நம்பாதவன் வாயில் அந்தச் சொல் வந்தால் தெய்வ நிந்தனையாம். இந்தக் கூச்சலை முன்நின்று போட்டவர்களில் ஒருவர் லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா. ஜூன் 23ஆம் தேதி, வெளியே போ என்றதற்குப் போகவில்லை என்பதால் பிக் பென் மணி இருக்கிற அதே கோபுரத்தில் ஒரு ராத்திரி அடைத்து வைத்தார்கள்.

அந்தச் சபையில் கடவுளை நம்பாத ஆள் இவர் ஒருத்தர்தானா என்ன? இவரோடு அதே ஊரிலிருந்து ஜெயித்த லபூஷேர் சத்தியத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். தன்னை ‘நார்த்தாம்ப்டனின் கிறிஸ்தவ எம்.பி.’ என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்வாராம், அவருக்கும் பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது. முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பிராட்லாவையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முன்கூட்டியே வாயைத் திறந்து சொன்னதுதான் குற்றம். அப்பா டைரியில் எந்தப் பக்கமும் சேராத முழுங்கல் ஆசாமிகளுக்குத்தான் எந்தக் காலத்திலும் வசதி.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. உறுதிமொழி சொல்லி, வழக்கு வந்தால் உன் பாடு என்ற நிபந்தனையோடு கொஞ்ச நாள் உட்காரவிட்டார்கள். சத்தியம் செய்யாமல் ஒரு ஓட்டுப் போட்டால் அபராதம் 500 பவுண்டு. வழக்கில் தோற்றார், பதவி போனது. நார்த்தாம்ப்டன் 1881இல் மறுபடி அனுப்பியது. ஆகஸ்டில் உள்ளே நுழையப் பார்த்தபோது போலீஸும் காவலர்களும் சேர்ந்து இழுத்து வந்து வெளி முற்றத்தில் தள்ளினார்கள். ஆறடிக்கு மேல் உயரமான முன்னாள் பட்டாளத்துக்காரர், கோட்டெல்லாம் கிழிந்து மூச்சு வாங்க நின்றார். 1882 பிப்ரவரியில் விறுவிறுவென்று மேஜைக்கு நடந்துபோய், பையிலிருந்து தன் சொந்தப் புதிய ஏற்பாட்டை எடுத்து, தனக்குத் தானே சத்தியப் பிரமாணம் செய்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். நீக்கினார்கள். ஊர் மறுபடி அனுப்பியது, 108 ஓட்டு வித்தியாசத்தில். 1884இல் இன்னொரு தடவை.

நாத்திகரே சத்தியம் செய்ய ஒப்புக்கொண்டது சறுக்கல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது. ஆனால் அந்த ஊரின் ஓட்டு வீணாகக் கூடாதே என்ற கணக்கும் இருந்திருக்கும். 1883இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா மூன்றே ஓட்டில் தோற்றது. கடைசியில் 1886 ஜனவரியில் புது சபாநாயகர் பீல், யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிராட்லா சத்தியம் செய்தார், உட்கார்ந்தார். 1888இல் விரும்பியவர்கள் உறுதிமொழி சொல்லலாம் என்ற சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். நம் ஊர் ‘உளமார’ நேரே அங்கிருந்து வந்தது என்று அடித்துவிட மாட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்று பத்திரிகை நடத்திய நாத்திகர்களுக்கு பிராட்லாவின் அந்த லண்டன் சங்கம்தான் முன்மாதிரி.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. சோஷலிசம் என்றால் ஆகாது, எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போடுவதைக்கூட எதிர்த்தார். செருப்புத் தொழிலாளிகள் ஓட்டில் வந்தவர்! இன்னொரு பக்கம், சபையில் இந்தியாவுக்காக ஓயாமல் கேள்வி கேட்டார், ‘இந்தியாவின் எம்.பி.’ என்றே பெயர். 1889 பம்பாய் காங்கிரசுக்கு நேரில் வந்தார்.

1891 ஜனவரி 27ஆம் தேதி, அவரைத் தடுத்த அந்த 1880 தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கினார்கள். நினைவில்லாமல் படுக்கையில் கிடந்தார், அவருக்குத் தெரியவே இல்லை. 30ஆம் தேதி இறந்தார். புரூக்வுட் கல்லறையில் அடக்கத்துக்கு லண்டன் இந்தியர்கள் திரண்டு போனார்கள், அதில் ஒருத்தர் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி. திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி, உங்கள் கடவுள் எவ்வளவு பெரிசு, எங்கே இருக்கிறார் என்று வம்பு பண்ணியதைப் பார்த்து, நாத்திகத்தின் மேல் தனக்கு இருந்த வெறுப்பு இன்னும் கூடியது என்று காந்தி எழுதியிருக்கிறார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். டைரியை மூடிவிட்டு, “அந்த மனுஷன் ஆறு வருஷம் பட்ட பாட்டை ஸ்டேஷன்ல ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல கெடுத்துட்டானே” என்றார்.