அரைக் கம்பியும் ஈஸ்டர் தீவு நிலாவும்

எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் கிரில்லில் 30 கம்பி. அதில் ஒன்று துருப்பிடித்துப் பாதியில் முறிந்துவிட்டது. ஆக, இருபத்தொன்பதரை. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஆகும் நாளும் ஏறக்குறைய அதே இருபத்தொன்பதரைதான். கிரில் அடித்தவர் பெரிய வானியல் மேதை என்று நான் நிறுவ ஆரம்பித்தால் எதை வைத்து மறுப்பீர்கள்?

கேலிக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலிதான். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கு ரொங்கோரொங்கோ பைத்தியம். பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவில் மரப்பலகைகளில் செதுக்கிய, இன்றுவரை யாரும் படிக்காத எழுத்து அது. பலகையில் ஒரு உருவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, கார்த்திகை மீன்கூட்டம் எழும் நாளிலிருந்து எண்ணிக்கொண்டே போவார். எந்த உருவில் எந்த விண்மீன் உதிக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் கேட்டேன். "சார், எண்ணிக்கை 364 வந்தா?" "ஒரு நாள் திருவிழா. அதைச் செதுக்க மாட்டாங்க." "366 வந்தா?" "லீப் வருஷம்பா." இப்படிப்பட்ட கணக்கு தோற்கவே தோற்காது. என் பிரச்சினையே அதுதான். தோற்க வழியில்லாத கணக்கு எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆனால் சாரின் ஆசை வெறும் ஆசை இல்லை. அந்தத் தீவுக்காரர்கள் வானத்தை நன்றாகவே பார்த்தவர்கள். நாம் கார்த்திகை என்கிற அறுமீனை அவர்கள் மத்தாரிக்கி என்பார்கள். அது மறுபடி தெரிவதைக் கொண்டு காலக்கணக்கு வைப்பது பாலினேசியா என்கிற பசிபிக் தீவுக்கூட்டம் எங்கும் இருந்த வழக்கம். 1914-15இல் தீவில் தங்கி முதியவர்களிடம் கேட்டு எழுதிய ஆங்கிலேய ஆய்வாளர் காத்தரின் ரூட்லெட்ஜ், கிழக்கு முனையில் விண்மீன் பார்ப்பதற்கென்றே இருந்த பாறையைப் பற்றிக் குறித்திருக்கிறார். மாதங்களுக்குப் பெயர் இருந்தது, இரவுகளுக்கும் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் எழுத உட்கார்ந்தால் காலக்கணக்கை எழுதாமல் விடுவார்களா என்று தோன்றுவது நியாயம்தான்.

எழுதியும் இருக்கிறார்கள். மாமாரி என்ற பலகையைச் சொல்கிறேன். அது இப்போது ரோமில் ஒரு கத்தோலிக்கத் துறவு சபையிடம் இருக்கிறது. ஏறக்குறைய ஓர் அடி நீளம், இரண்டு பக்கமும் பதினாலு பதினாலு வரி, ஆயிரம் உருவு. படிக்கிற முறையே விசித்திரம். கீழே இடது மூலையில் தொடங்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரி, மறுபடி திருப்பி அதற்கடுத்த வரி. ஒருநாள் அதன் கோட்டோவியத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலாவது வரியில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. செதுக்கியவனுக்கு அது கைக்குள் அடங்கும் பலகை, சுலபமாகச் சுழன்றிருக்கும்.

அதன் ஒரு பக்கத்தில் சுமார் இரண்டு வரி நீளத்துக்குப் பிறை, பிறை, பிறை. ஜெர்மன் அறிஞர் தாமஸ் பார்த்தெல் 1958இல் அந்த இடத்தைச் சந்திர மாதக் கணக்கு என்று சொன்னார். 1990இல் ழாக் கீ என்ற மொழியியலாளர் அதை இன்னும் நுணுக்கிப் பார்த்தார். நடுவில் முழுநிலா. பிறைக் கூட்டங்களை ஒரே மாதிரியான உருவுத் தொடர் ஒன்று பிரிக்கிறது. அந்தத் தொடரில் கயிற்றில் தொங்குவதுபோல் ஒரு மீன் வருகிறது. முழுநிலாவுக்கு முன்னால் நாலு தடவை. நாலிலும் தலை மேலே. முழுநிலாவுக்குப் பின்னால் நாலு தடவை. நாலிலும் தலை கீழே. வளர்பிறை, தேய்பிறை!

இதை நான் நம்புவதற்குக் காரணம் பலகைக்கு வெளியே இருக்கிறது. 1886இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வந்த வில்லியம் தாம்சன் தீவு மக்களிடம் இரவுகளின் பெயரை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிற்பாடு மானுடவியலாளர் மெட்ரோ, பாதிரியார் எங்லெர்ட் ஆகியோரும் தனித்தனியே எழுதினார்கள். முழுநிலா இரவு ஓமொத்தோஹி. அதற்கு முன்னால் கொகொரே ஒன்று, கொகொரே இரண்டு என்று ஆறு. பின்னால் இன்னொரு ஐந்து. நம் துவிதியை, திருதியை மாதிரி வெறும் எண்ணிட்ட இரவுகள். இந்தப் பட்டியலைப் பலகையோடு வைத்துப் பார்த்தால் தனிப்பெயரில்லாத இரவுகள் வருகிற இடத்தில் வெறும் பிறைகள் வருகின்றன. பார்த்தெலுக்கும் கீக்கும் வேண்டியபடி வளைக்க இடம் குறைவு. பட்டியல் அவர்கள் எழுதியது இல்லை.

சாருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. எந்த விண்மீன் எந்த உருவு என்று சொல்ல, அந்த எழுத்து தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை. 1862-63இல் பெரு நாட்டு அடிமை வேட்டைக்காரர்கள் ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுத்து கற்றவர்களும் அதில் போனார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மை வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். வீட்டுக்கு வீடு எழுத்துப் பலகை இருப்பதாக எய்ரோ என்ற மதபோதகர் எழுதியது 1864இல். இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் இரண்டு டஜன் சொச்சம்தான். தீவில் ஒன்றுகூட இல்லை. தாஹித்தி என்ற இன்னொரு பசிபிக் தீவின் பிஷப் ழோசன், அங்கே கூலி வேலைக்கு வந்திருந்த மெத்தோரோ என்ற தீவுக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் ராகத்தோடு பாடினார். எழுதிப் பார்த்தால், இது பறவை, இது கை என்று உருவத்தின் பெயரைத்தான் வரிசையாகச் சொல்லியிருந்தார். படப் புத்தகத்தைப் புரட்டும் குழந்தைபோல. பாவம், பிஷப் கேட்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

இந்த இடத்தில் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. மீன் என்றால் நமக்கு விண்மீனும்தான். சிந்துவெளி முத்திரையில் உள்ள மீனை ஹீராஸ் பாதிரியாரும் பின்லாந்து அறிஞர் பர்ப்போலாவும் அப்படித்தான் வாசித்தார்கள். மீனும் ஆறு கோடும் சேர்ந்தால் அறுமீன். அது போதாதென்று 1932இல் ஹெவெஷி என்ற ஹங்கேரியர் சிந்துவெளி எழுத்தையும் ரொங்கோரொங்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றே என்றார். பட்டியலைப் பார்த்தால் அசந்துதான் போவோம். மெட்ரோ 1938இலேயே அதை விரிவாக மறுத்துவிட்டார். சிந்துவெளி எழுத்து கிமு 1900 வாக்கில் மறைந்துவிட்டது. ஈஸ்டர் தீவில் மனிதர்கள் குடியேறியதே அதற்கு மூவாயிரம் ஆண்டு கழித்து. நடுவில் இருப்பது பாதி உலகம்.

இன்னும் இரண்டு சொல்கிறேன், உங்களுக்கும் அரிக்கட்டும். மாமாரியின் முழுநிலா உருவுக்குள் யாரோ இருப்பது தெரியும். கீ அதை வானத்தில் மண் அடுப்பு மூட்டுகிற கிழவி என்கிறார். நம் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள்! அப்புறம், அந்தப் பலகையின் மரம் என்ன தெரியுமா? காத்தரின் ஒர்லியாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பார்த்துச் சொன்னது: பூவரசு. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அதே மரம். மீன், பாட்டி, பூவரசு. மூன்றையும் வைத்து இன்று ராத்திரியே ஒரு பதிவு போட்டால் ஐயாயிரம் ஷேர் நிச்சயம். பூவரசு கடலோர மரம், இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை எங்கும் வளரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட வேண்டும்.

அதற்காக ரொங்கோரொங்கோ ஆராய்ச்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. ரோமில் உள்ள நாலு பலகைகளின் வயதை ரேடியோகார்பன் முறையில் சோதித்த முடிவு 2024இல் வெளிவந்தது. ஒன்றின் மரம் 1493க்கும் 1509க்கும் இடையில் வெட்டப்பட்டது என்று வந்தது. ஐரோப்பியர் தீவில் கால் வைத்தது 1722இல். வெட்டிய ஆண்டு செதுக்கிய ஆண்டு ஆகாது என்பது உண்மை. ஆனாலும், வெள்ளைக்காரன் எழுதுவதைப் பார்த்து இவர்கள் புனைந்த எழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இனி கொஞ்சம் யோசிக்க வேண்டும். உலகில் எழுத்தைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிறு வரிசையில் இவர்களும் சேர்ந்தால் எனக்கு அது எந்த விண்மீன் கணக்கையும்விடப் பெரிய சேதி.

மாமாரியின் அந்த இரண்டு வரியைக்கூட யாரும் 'படித்துவிடவில்லை'. எதைப் பற்றியது என்று தெரியும், என்ன சொல் என்று தெரியாது. ஓர் ஆண்டின் மாத வரிசை எந்தப் பலகையிலாவது இருக்கலாம். இருந்தால் அதற்குச் சாட்சி நம் எண்ணிக்கைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இதைச் சாரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "நீ எண்ணிப் பார்த்தியா, அதைச் சொல்லு" என்றார். இல்லை என்றேன். "பின்னே?" என்றார்.

போன வாரம் வெல்டர் வந்து முறிந்த கம்பியை மாற்றிவிட்டுப் போனார். இப்போது முழுசாக 30. மாமாரி மாதத்துக்கும், சில மாதங்களில் விடுபடும் இரவுகளையும் சேர்த்தால், கீ போட்ட கணக்கு 30தான். சாரிடம் இன்னும் சொல்லவில்லை.