மயில்வாகனம் கணக்கையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை

ஜூலை 19, தமிழறிஞரான துறவி விபுலாநந்த அடிகளின் நினைவு நாள். அது வந்தால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். மனப்பாடம் பண்ணிய பேச்சு ஒன்று, கைதட்டல், அவ்வளவுதான். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் எப்படி இருந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது.

1892இல் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தார். துறவியாகும் முன் அவர் பெயர் மயில்வாகனம். ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் படித்தார். அந்த ஆசிரியரைப் போற்றிப் பாட்டும் கட்டினார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலை, பிறகு மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரி, அப்புறம் புனித மிக்கேல் கல்லூரி. 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை பாஸ். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. விஞ்ஞானத்தில் லண்டன் பட்டமும் எடுத்தார்.

காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் சடங்கு. பாட்டுக் கேட்டே வளர்கிற ஊர் அது. அதே கண்ணகியின் கதை சொல்லும் சிலப்பதிகாரத்தில், இசையும் ஆடலும் பேசும் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வருசக்கணக்காகப் பாடுபட்டு, பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலை எழுதினார். 1947இல் அது அரங்கேறியது. திறந்து பாருங்கள், பாட்டுக்குப் பக்கத்திலேயே கணக்கு இருக்கும். சுரங்களின் இடைவெளியை எண்ணில் போட்டுக் காட்டுகிறார். கணக்குத் தெரியாத பண்டிதரால் அதை எழுதியிருக்க முடியாது. தமிழ் தெரியாத கணக்கு வாத்தியாராலும் முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொந்தத்தில் ஒரு பிள்ளை, தரம் 9. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தாள். வாவிக்கரையில் கவிழ்த்துப் போட்ட தோணியைப் பற்றி, எதுகை தப்பாமல். தகப்பன் கண்டுவிட்டு, “இது சோறு போடுமா மகள்? கணக்கைச் செய்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஓ.எல். பரீட்சைப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அவள் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தமிழ்த்தினப் போட்டி நெருங்கும்போது மட்டும் கவிதை எழுத ஆள் தேடுகிறோம். மற்ற நாளெல்லாம் அதை நேரம் போக்கு என்கிறோம். பிள்ளை எங்கே இருந்து எழுதும்?

சேர்மார், ரீச்சர்மார், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஜூலை 19க்கு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ஒரு பாடவேளை ஒதுக்கி, பிள்ளைகள் தாங்களே எழுதியதை மேடையில் வாசிக்க விடுங்கள். தளை தட்டினால் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுங்கள். கணக்கு சேரும் வந்து கேட்கட்டும்.