பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் டிஜிட்டல் தடயவியல் சேர்பவர்களுக்காக ஒரு நண்பர் எழுதியது: ஆதாரக் கோப்பின் பெயரை மாற்றினாலே அதன் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி, கணக்கிட்டு எடுக்கும் ஓர் எழுத்து-எண் வரிசை) மாறிவிடும், லேப் பயிற்சி செல்லாமல் போகும்.

அப்படி இல்லைங்க. ஹேஷ் கணக்கிடப்படுவது கோப்புக்குள் இருக்கும் பைட்டுகளை வைத்துத்தான். பெயரும் தேதியும் கோப்புக்குள் இருப்பதில்லை. விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் அவற்றை எம்எஃப்டி என்ற தனி அட்டவணையில் வைத்திருக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நோட்பேடில் 'வணக்கம்' என்று அடித்துச் சேமியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஜிப்பை நிறுவினால், வலது கிளிக் மெனுவிலேயே எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறை இருக்கும். வருகிற 64 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள், அதே 64 எழுத்துகள்தான் வரும். அப்புறம் கோப்பைத் திறந்து கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்துச் சேமித்துப் பாருங்கள், மொத்தமும் வேறாகிவிடும்.

நண்பர் குழம்பியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: ஒரு பென் டிரைவை முழுசாக இமேஜ் எடுத்து, அதாவது பைட் விடாமல் அப்படியே நகலெடுத்து, ஹேஷ் போட்டால், கோப்புப் பெயர்கள் பதிவாகியிருக்கும் இடமும் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு டிரைவில் ஒரு கோப்பின் பெயரை மாற்றி மறுபடி இமேஜ் எடுத்தால், இமேஜின் ஹேஷ் கட்டாயம் மாறும். டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி இல்லாமல் டிரைவைச் செருகாதே என்று வகுப்பில் திட்டுவது அதனால்தான். ஆனால் அந்தத் தனிக் கோப்பின் ஹேஷ் அப்போதும் பழையபடியேதான் இருக்கும்.